எல்லைக்கல் நாற்பத்தேழு

வரைபடத்தின்படி
நாற்பத்தேழாவது கல் வந்து நிற்க வேண்டிய இடத்தில்
நான்கு முட்டைகள் இருந்தன.

செப்புக் குடத்தைப் புளி போட்டுத் துலக்காமல் விட்டால்
ஒரு நிறம் வருமே, அந்த நிறம்.
ஓர் அல்லி இலை,
இலைமேல் ஈரக் கோரை நாலைந்து இழை,
அதன்மேல் அவை.
கூடு என்று எழுத எதுவும் இல்லை.

நான் நில அளவர். பறவை தெரியாது.
புல எண் தெரியும், உட்பிரிவு தெரியும்,
பள்ளிக்கரணை ஓரத்தில்
மூன்று பேருக்குக் கிரயமான ஒரே மனையின்
நான்கு பக்க அளவும் மனப்பாடம்.
இடுப்பளவுத் தண்ணீரில்
கம்பத்தைப் பிடித்து நின்ற கன்னியப்பன்தான் சொன்னார்:
"இலைக்கோழி மேடம்.
அதோ நிக்குது பாருங்க, ஆம்பள."

கொடுவாள் மாதிரி வளைந்த வால்.
உடம்புக்குப் பொருந்தாத நீள விரல்கள்.
இலைக்குத் தெரியாமல் இலைமேல் நடந்தது.
பெட்டை வேறு துணை தேடிப் போயிருக்குமாம்.
அடைகாப்பது, வெயிலுக்கு நிழலாவது,
காக்கையோடு மல்லுக்கு நிற்பது
எல்லாம் இதன் பாடு.
நான் சிரித்தேன். கன்னியப்பன் சிரிக்கவில்லை.
காலையில் மூன்று டிபன் டப்பா கட்டி
பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்தவர் அவர்.

பதினாறு செயற்கைக்கோள்கள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.
பிழை இரண்டு சென்டிமீட்டருக்குள் என்றது கருவி.
ஒரு முட்டை
அதைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

இந்தக் கல்லே சதுப்பைக் காப்பாற்றத்தான்.
இதைத் தாண்டி மண் கொட்டாதே என்று
ராத்திரி லாரிகளுக்குச் சொல்லத்தான்.
மூன்றடிக் குழி, ஜல்லி, சிமெண்ட்.
ஒரு மீட்டர் உள்ளே தள்ளி நட்டால்
சதுப்புக்கு அந்த மீட்டர் போச்சு.
ஒரு மீட்டர் வெளியே தள்ளினால்
ராகமாலிகா அவென்யூ சங்கம்
திங்கட்கிழமை கோர்ட்டில் நிற்கும்.

கரையிலிருந்து தணிகாசலம் கத்தினார்,
"கலவை போட்டாச்சு மேடம், இறுகிடும்!"
அவருக்குப் பின்னால் ரேடியல் சாலையில்
ஆபீஸ் விடுகிற நேரத்து ஹாரன்கள்.
பெருங்குடிக் குப்பைமேட்டுக்கு மேலே பருந்துகள்.
ஒரு கண்ணாடிக் கட்டடம்
சதுப்பு முழுவதையும் தன்மேல் எழுதி வைத்திருந்தது,
பட்டா இல்லாமல்.

குறிப்புக் கலத்தில் எழுதினேன்:
'நீர்மட்டம் காரணமாக ஒத்திவைக்கப்பட்டது.'
பொய்யில்லை.
நீர் அன்று மட்டமாகத்தான் கிடந்தது,
ஒரு பறவை நடந்து போகிற அளவுக்கு.

கலவை சாலையோரம் கட்டியாகிப்போனது.
அதன்மேல் இப்போது ஒரு நாய் தூங்குகிறது.
எனக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் வந்தது.
பதினைந்து நாளில் பதில் தர வேண்டும்,
அடைகாக்க இருபத்தாறு நாள் ஆகுமாம்.
இரண்டையும் கழித்துப் பார்த்தபடி
பஸ்ஸில் வந்தேன்.

பன்னிரண்டாம் நாள் போனபோது
நாற்பத்தேழு காலியாக இருந்தது.
கன்னியப்பன் தேடிக் கண்டுபிடித்தார்.
ஆறடி கிழக்கே, வேறு இலையில்.
அதுவே இடம் மாற்றியிருக்கிறது,
தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே ஒவ்வொன்றாக இடுக்கி,
மனு இல்லாமல், அளவுக் கட்டணம் இல்லாமல்.
ஆறடி கிழக்கே என்றால்
கோட்டுக்கு வெளியே.
மனை எண் பதினொன்று.
உரிமையாளர் துபாயில்.
விளம்பரப் பலகையின் பாதி தண்ணீருக்குள்.

அன்று கல்லை நட்டோம்.
கோடு நேராக வந்தது.
தணிகாசலம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.
இலைக்கோழி ஒரு காலைத் தூக்கி
எங்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டு
மனை எண் பதினொன்றில் போய் உட்கார்ந்தது.

புலப்படத்தில் கிணற்றுக்குக் குறி உண்டு.
பனைமரத்துக்கு உண்டு, கோயிலுக்கு உண்டு,
இடிந்த சுவருக்குக்கூட ஒன்று இருக்கிறது.
கோட்டுக்கு வெளியே, பென்சிலால்,
நான்கு புள்ளி வைத்தேன்.

பிறகு கன்னியப்பன் எண்ணிச் சொன்னதைக் கேட்டு
ஒன்றை அழித்தேன்.